முத்துப் பார்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல்

கொற்கை முத்தின் பெருமையைக் கேளாத தமிழ் மாணவர் இலர். பாண்டியர் துறைமுகமாய் விளங்கிய அவ்வூர் முத்துக்களைச் சங்கப் புலவர் பாடினர். யவன வணிகரும் தம் ஏடுகளிற் குறித்து வைத்தனர். பிற்காலத்தில் காயலும், அதன்பின் தூத்துக்குடியும் அப்பெருமையைத் தாங்கி நின்றன. முத்தை அணிந்தோர் பலர், விற்றோர் பலர், பாடினோரும் பலர். ஆயின், அம்முத்தை ஈனும் சிப்பி கடலடியில் எங்ஙனம் பிறக்கிறது, எதனை உண்டு வளர்கிறது, எதனால் மடிகிறது என்று வினவினோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கில அறிஞர். தம் வாழ்நாளின் சிறந்த பகுதியை நம் தென்கடலிற் கழித்த இப்பெரியாரின் வரலாறு, நெல்லைச் சீமையில் உயிர்நூல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டுவதொன்றாம்.

கடலின் நிலை

அவர் வரலாற்றைக் கூறுமுன், அவர் எதிர்ப்பட்ட வினா யாது என்பதைத் தெளிவுபடுத்தல் நலம். மன்னார் வளைகுடாவில், கரையினின்றும் சில காத தூரத்தில், ஏழு முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள இடங்களில், மணற்பரப்பினிடையே பாறைத் திட்டுக்கள் உள்ளன. இவற்றைப் பரதவர் பார் என்பர். தொலையிரம் பார் முதலிய பல பார்கள் தூத்துக்குடிக்கு எதிரே கடலுள் மறைந்து கிடக்கின்றன. முத்துச்சிப்பி தன் பாதத்தினின்று விடும் நூல்களால் இப்பாறைகளைப் பற்றிக்கொண்டு வாழ்வது. நாலைந்து ஆண்டு நிரம்பிய சிப்பிகள் மிகுந்திருக்குமாயின் அரசாங்கத்தார் சலாபம் கூறுவர். மாசி, பங்குனித் திங்களில் கடல் அமைந்திருக்கும்போது நூற்றுக்கணக்கான தோணிகள் திரளும். நள்ளிரவிலே கரைக்காற்றில் பாய் விரித்துச் சென்று, விடியலிற் குறி காட்டியவுடன் குளியாட்கள் கல்லைப் பற்றிக்கொண்டு கடலில் இறங்குவர். ஒருவர் மூழ்க, மற்றொருவர் இளைப்பாறுவர். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கி, கைக்ககப்பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு மேலெழுவர். நண்பகலில் கடற்காற்றெழுந்ததும் தோணிகள் கரைக்கு மீளும். சிப்பிகள் மூன்று பங்காகக் கூறுசெய்யப்படும். இரண்டு பங்கு அரசாங்கத்திற்கு, ஒரு பங்கு குளித்தோர்க்கு. மாலையில் அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் கூறப்படும்.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த சலாபம் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. சில ஆண்டுகள் அடுத்தடுத்து நிகழ்ந்தபின், பத்தும் இருபதும் ஆண்டுகள் ஒன்றுமின்றிக் கழிதலுண்டு. சென்ற ஆண்டு சிப்பி நிறைந்திருந்த பார் இவ்வாண்டு வெறும் பாறையாய்க் கிடக்கும். அஃது ஏன்? திருக்கைகள் தின்றனவா? நீரோட்டம் வாரிக்கொண்டு போயிற்றா? மனிதரின் பேராசை அழித்ததா? இவ்வினாவிற்கு விடை காணாமல் அரசாங்கத்தார் வருவாயிழந்தனர். குளியாட்களின் குடும்பங்களோ பிழைப்பிழந்தன. கப்பித்தான் பிப்சு என்னும் மேற்பார்வையாளர் 1860களில் தூத்துக்குடித் துறையின் அமைந்த நீரிலே சிப்பிக்கு நாற்றங்கால் ஒன்று அமைத்துப் பார்த்தார், அம்முயற்சி கைகூடவில்லை. சென்னைப் பொருட்காட்சிச் சாலைத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1889-இல் தூத்துக்குடிச் சலாபத்தை நேரிற் கண்டு குறிப்பு எழுதினார். எனினும் வினா வினாவாகவே நின்றது.

இளமையும் முதற் பயிற்சியும்

ஜேம்ஸ் ஹார்னெல் 1865-ஆம் ஆண்டிற் பிறந்தவர். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையேயுள்ள ஜெர்சித் தீவில், ஜோசப் சைனல் என்னும் இயற்கைநூல் அறிஞருடன் கூடி, 1893-ஆம் ஆண்டில் ஒரு கடலுயிர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அத்தீவின் கரையில் அலை ஏற்றமும் இறக்கமும் மிகப் பெரியன. நீர் வற்றுங்கால் நெடுந்தூரம் பாறைகள் வெளிப்படும். அப்பாறைகளே அவர்க்குப் பள்ளிக்கூடமாயின. கடலுயிர்களைத் திரட்டுதலும், அவற்றை நுண்ணோக்குக் கருவியில் வைத்துப் பார்க்கத்தக்க சில்லுகளாக்கிப் பிற கலாசாலைகளுக்கு அனுப்புதலும், தாமே ஒரு சிறு சஞ்சிகை நடத்துதலுமாக அவர் காலம் கழிந்தது. பெரும்பொருள் படைத்த நிலையமன்று அது. ஆயினும் கண்ணாற் காண்பதையே நம்புதல், கண்டதை உடனே எழுதிவைத்தல், எண்ணத்தக்கதை எண்ணிப் பார்த்தல் ஆகிய மூன்று பழக்கங்களை அஃது அவரிடம் ஊன்றச் செய்தது. பின்னாளில் அவர் தென்கடலிற் செய்த அரும்பணிக்கெல்லாம் அடிப்படை இம்மூன்றுமேயாம்.

இலங்கைப் பார்களில்

மன்னார் வளைகுடாவின் கீழ்க்கரையாகிய இலங்கையிலும் சிப்பிப் பார்கள் உள்ளன. அங்கும் பல ஆண்டுகள் சலாபம் நிகழாமையால், இலங்கை அரசாங்கத்தார் லிவர்ப்பூல் கலாசாலைப் பேராசிரியராகிய ஹெர்ட்மன் என்பாரை அழைத்தனர். அவர் ஹார்னெலைத் துணைவராகக் கொண்டு 1902-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையை அடைந்தார். இருவரும் பார்தோறும் சென்று கடலடியை வாரியெடுத்து ஆராய்ந்தனர். சில திங்களில் பேராசிரியர் தாயகம் திரும்பினார். ஹார்னெல் அங்கேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவ்விருவரின் உழைப்பால் விளைந்த அறிக்கை ஐந்து பெருந் தொகுதிகளாக, 1903 முதல் 1906 வரை, லண்டன் ராயல் சொசைட்டியாரால் வெளியிடப்பெற்றது.

அவ்வாராய்ச்சியில் நிகழ்ந்த ஒரு செய்தி ஈண்டு விரித்துரைக்கத்தக்கது. 1902 மார்ச்சு மாதத்தில் பெரிய பார் என்னும் விரிந்த திட்டினைச் சோதித்தபோது, எண்ணிலடங்காத குஞ்சுச் சிப்பிகள் பாறையெங்கும் அடர்ந்திருக்கக் கண்டனர். அவை வளருமாயின் பல சலாபங்களுக்குப் போதும். அவ்வாண்டு நவம்பரில் ஹார்னெல் மீண்டும் அவ்விடம் சென்று பார்த்தார். ஒரு குஞ்சும் இல்லை. இடையே தென்மேற்குப் பருவக்காற்று வீசியது. பெரிய பார், ஆழ்கடலை நோக்கித் திறந்த முகமாயிருத்தலின், அலையின் வேகமும் அடிநீரோட்டமும் அக்குஞ்சுகளை முழுதும் வாரிக்கொண்டு போயின. ஆண்டுதோறும் அப்பாரில் குஞ்சுகள் வந்து ஒட்டுவதும், ஆண்டுதோறும் அழிவதுமே வழக்கமென்பது அப்போது விளங்கிற்று. அஃது ஒரு பொய்ந்நிலம். விதை முளைக்கும், கதிர் காணாது.

இதனின்று அவர்கள் கண்ட உபாயம் நம் உழவர்க்குப் புதியதன்று. நாற்றங்காலில் நெருங்கி முளைத்த நாற்றைப் பிடுங்கி நன்செயில் நடுவது போல, பெரிய பாரின் குஞ்சுச் சிப்பிகளைப் பருவக்காற்றுக்கு முன்னரே வாரி, அலை தாக்காத உட்பார்களில் கொண்டுபோய் விடவேண்டும் என்றனர். பற்றுவதற்குப் பாறையில்லாத மணலிலே கற்களைக் கொட்டி இடம் அமைக்கவேண்டும் என்றனர். நெருக்கம் மிகுந்தவிடத்துச் சிப்பிகளைக் களைந்து ஏனையவை வளர இடந்தரவேண்டும் என்றனர். நடுதல், இடம் பண்படுத்தல், களைதல் ஆகிய இவை வேளாண்மையின் மூன்று தொழில்கள் அல்லவோ? கடலையும் வயலாகக் கருதும் கருத்து மன்னார் வளைகுடாவில் இங்ஙனம் வேரூன்றியது.

வெற்றியும் வீழ்ச்சியும்

நற்காலம் வந்தது. 1903 முதல் இலங்கையில் அடுத்தடுத்துச் சலாபங்கள் நிகழ்ந்தன. 1905-ஆம் ஆண்டில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மரிச்சுக்கட்டி என்னும் மணல்வெளியில் ஒரு நகரமே தோன்றி மறைந்தது. அப்பேற்றினைக் கண்ட வணிகர் சிலர் லண்டனில் ஒரு கம்பெனி கூட்டி, 1906-இல் இருபதாண்டுக் குத்தகைக்கு இலங்கைப் பார்களை எடுத்தனர். பின் நிகழ்ந்ததோ வேறு. 1907-க்குப் பிறகு பார்கள் வறண்டன. சிப்பி இல்லை, சலாபம் இல்லை. 1912-இல் அக்கம்பெனியும் கலைந்துபோயிற்று.

பெருந்திரளாகச் சிப்பிகளை வாரியெடுத்ததே இவ்வழிவிற்குக் காரணமென்றனர் சிலர். இயற்கையின் சுழற்சியே காரணமென்றனர் வேறு சிலர். அறிஞர் ஒருமனப்படவில்லை. ஆயின், விளைவு மிகும்போது எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று துணிந்த வணிகர் நெஞ்சத்திற்கு இது கடல் புகட்டிய பாடம் என்பதில் ஐயமில்லை. ஹார்னெலுக்கும் இது ஒரு பாடமாயிற்று. கடலை உழுது பயிரிடலாம் என்னும் நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. ஆனால் அப்பயிரின் விதையைச் சிதறுவதும் கூட்டுவதும் காற்றும் நீரோட்டமுமேயன்றி மனிதனல்லன் என்பதை நன்கு உணர்ந்தார். சிப்பியின் இளவுயிர்கள் முட்டையினின்று வெளிப்பட்டபின் சில வாரம் நீரின்மேல் மிதந்து திரிவன. அவ்வேளையில் ஓட்டம் எத்திசை செல்லுமோ அத்திசையே அவற்றின் ஊழ். ஒரு கரையின் பார் மற்றொரு கரையின் பாருக்குத் தாயாதலும் கூடும். ஆகவே கடலில் வேலியிட்டு இஃது உன்னுடையது, அஃது என்னுடையது என்று பிரித்தல் கணக்கேட்டிற்குப் பொருந்தும்; சிப்பிக்குப் பொருந்தாது.

தூத்துக்குடியில்

இலங்கையிற் பணிபுரிந்த காலத்திலேயே ஹார்னெல் சென்னை அரசாங்கத்தாரின் வேண்டுகோட்கிணங்கி இந்தியக் கரையின் பார்களைச் சோதித்து 1905-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பரோடா அரசர்க்காகக் கத்தியவார்க் கரையின் கடலுயிர்களையும் ஆராய்ந்தார். பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையிற் சேர்ந்து, முத்து, சங்கு ஆகிய இரண்டின் மேற்பார்வையாளராய்த் தூத்துக்குடியில் அமர்ந்தார்.

அம்மீன்துறையை நிறுவிய சர் பிரெடரிக் நிக்கல்சன் என்பாரைப் பற்றியும் ஈண்டு ஒரு சொல் கூறாதொழிதல் முறையன்று. கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்நாட்டில் வித்திட்ட அப்பெரியார், உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்றபின், ஊதியங் கருதாது மீன்துறையின் தலைமையை ஏற்றார். பஞ்சங்களை நேரிற் கண்டவர் அவர். நிலம் பொய்த்த ஆண்டிலும் கடல் பொய்ப்பதில்லை. அக்கடலுணவு கெடாமல் உள்நாட்டு ஏழைக்குச் சென்று சேருமாயின் பசி குறையும் என்பது அவர் கொள்கை. ஆகவே அவர்க்கு மீன் முதலாவது, முத்து இரண்டாவது. முத்தை ஆராய வந்த ஹார்னெல் அவரோடு பழகி, அணிகலத்தினும் உணவே பெரிதென்னும் நோக்கைத் தாமும் மேற்கொண்டார் என்பதை அவர் பிற்காலப் பணிகள் காட்டும்.

உண்ணத்தக்க சிப்பியை வளர்த்தல் அவ்வகையில் அவர் எடுத்த முதன்மையான முயற்சி. பிரான்சு நாட்டில் ஆர்க்காசோன் என்னும் உவர்நீர்க் கழியில், சுண்ணாம்புப் பூச்சிட்ட வளைந்த ஓடுகளை அடுக்கிவைத்து, அவற்றில் வந்து ஒட்டும் சிப்பிக் குஞ்சுகளைப் பெயர்த்தெடுத்து வளர்ப்பர். அம்முறையை ஆராய்ந்து, அது நம் நாட்டு நிலைக்குப் பொருந்துமாற்றை ஆய்ந்து, 1910-இல் ஒரு நூல் எழுதினார். பழவேற்காட்டுக் கழியில் சிப்பிப் பண்ணை நடத்தும் பணியிலும் ஈடுபட்டார். சுண்ணாம்புப் பூச்சின் நுட்பம் எளியது: ஓட்டின்மேல் நேரே ஒட்டிய குஞ்சைப் பெயர்த்தால் அதன் ஓடு நொறுங்கும், சுண்ணாம்பின்மேல் ஒட்டியதோ சுண்ணாம்போடு உதிரும். நம் வீட்டுக் கூரையோடும் சுண்ணாம்பும் கொண்டே செய்யத்தக்க இத்தொழில் ஏழைப் பரதவர்க்கும் எட்டுவதாம்.

1918-இல் நிக்கல்சன் விலகியபின் ஹார்னெல் மீன்துறையின் தலைவராயினார். மொரீசியசு, யாவா ஆகிய தீவுகளினின்று கொண்டுவரப்பட்ட கௌராமி மீன் நம் நாட்டுக் குளங்களில் விடப்பட்டதும் அக்காலத்ததே. மேல்கரையின் ஏழைக்கு உணவும், தென்னைக்கு எருவுமாகிய மத்தி மீன் ஓராண்டு மிகுந்தும் ஓராண்டு மறைந்தும் மக்களை அலைக்கழித்தது. அம்மீன் எப்போது முட்டையிடுகிறது, எத்துணை ஆண்டு வாழ்கிறது, எதனை உண்கிறது என்பவற்றை இராமசாமி நாயுடு என்னும் துணைவருடன் ஆராய்ந்து இருவர் பெயராலும் நூல் வெளியிட்டார். வெள்ளையர் தனிப்பெயர் விளங்கிய அக்காலத்தில் இந்நாட்டுத் துணைவரின் பெயரையும் உடன் வைத்த செயல் பாராட்டத்தக்கது.

சங்கின் வரலாறு

ஹார்னெல் எழுதிய நூல்களுள் நம்மவர்க்கு மிக நெருங்கியது 1914-இல் வெளிவந்த சங்கு நூலாம். சங்கு குளித்தல் சலாபம் போன்று இடையறுவதன்று; ஏறத்தாழ ஆண்டுதோறும் நிகழ்ந்து, பரதவருக்கும் கீழக்கரை முதலிய ஊர்களின் முசுலிம் குளியாட்களுக்கும் பிழைப்பளித்தது. தூத்துக்குடியில் எடுத்த சங்குகள் கல்கத்தாவிற்குக் கப்பலேறி, டாக்கா முதலிய ஊர்களில் வளையலாக அறுக்கப்பட்டு, வங்கத்து மணமகளிரின் கைகளை அணிசெய்தன. ஹார்னெல் சங்கின் உயிர்வாழ்க்கையைக் கடலடியிலும், அதன் பயனை நாடெங்கும், அதன் பழமையை மண்ணுக்குள்ளும் தேடினார்.

மணலில் வாழும் புழுக்களை அது உண்பதையும், அதன் முட்டைக்கூடு ஆட்டுக் கொம்பு போல் முறுக்கி அறையறையாய் அமைந்திருப்பதையும் விளக்கினார். கொற்கையிலும் காயலிலும் நிலத்தைத் துருவி, வாளால் அறுக்கப்பட்ட சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்தார். அத்துண்டுகள் சிறியன, ஆயினும் அவை கூறிய செய்தி பெரிது. இன்று வங்கத்தில் நிலைபெற்ற வளையல் தொழில் ஒருகாலத்தில் தாமிரபரணிக் கழிமுகத்திலேயே செழித்திருந்தது என்பதற்கு அவை சான்றாயின. நம் புலவர் பாடல்களிற் கேட்ட செய்தியை ஒரு மீன்துறை அதிகாரி மண்ணிலிருந்து எடுத்து நம் கையிற் கொடுத்தார்.

சங்கு குளித்தலில் ஒரு விதி உண்டு. எடுத்த சங்கினை அளவு வளையத்தில் இட்டுப் பார்த்து, அதனுள் நுழைந்துவிடும் சிறு சங்கைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். இவ்வெளிய விதியில் ஓர் அறம் அடங்கியுள்ளது. இன்று கிடைத்த சிறு பொருளைத் துறந்தாலன்றி நாளைப் பெரும்பொருள் இல்லை. குளியாள் ஒருவன் பத்துப் பாகம் மூழ்கி, மூச்சுத் திணற எடுத்த சங்கை மீண்டும் கடலில் எறிவது எளிதன்று. அவன் வயிற்றுப் பசி ஒருபுறம். கடலின் நாளைய நிலை மறுபுறம். இவ்விரண்டையும் ஒப்பநோக்குவதே மீன்துறையின் தீராத வேலை. சிறு சங்கிற்கு இரங்கும் அரசு, அதனைத் துறக்கும் குளியாளின் கூலிக்கும் இரங்கினாலன்றி விதி நில்லாது.

ஒரு கொள்கையின் வீழ்ச்சி

உண்மையை மறைத்துப் புகழ்தல் வரலாறு ஆகாது. ஹெர்ட்மனும் ஹார்னெலும் தம் ஆராய்ச்சியில் ஒரு பெருங்கொள்கை கண்டதாக எண்ணினர். திருக்கை மீனின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் இளவுயிர் சிப்பியின் உடலுட் புகுந்து மடிய, அதனைச் சுற்றிச் சிப்பி முத்துப்பொருளைப் பூசுகிறது. அதுவே நன்முத்து என்றனர். சிப்பியைத் தின்னும் திருக்கையே முத்துக்கும் காரணமாதலின், பகையை முற்றும் அழித்தலும் தகாது என்றனர். கேட்போர்க்கு இன்பந்தரும் கொள்கை அது. ஆயின், லிஸ்டர் ஜேம்சன் என்பார் முத்துக்களை அறுத்துச் சோதித்து, அவற்றுட் புழுவைக் காண்பதரிது என்று மறுத்தார். சிப்பியின் மேற்றோலிலுள்ள நுண்ணறைகள் உட்சென்று ஒரு பையாக அமைந்து, அப்பையினுள்ளே முத்து உருவாகிறது என்பதே இன்று அறிஞர் ஒப்பிய முடிபு. ஜப்பானியர் இந்நுட்பத்தைக் கைக்கொண்டு, சிப்பியுள் உருண்டையான ஓட்டுத்துண்டையும் மேற்றோற் சிறு துணுக்கையும் வைத்து முத்தை விளைவித்தனர். 1920களில் அவ்வளர்ப்பு முத்துக்கள் உலகச் சந்தையிற் புகுந்து இயற்கை முத்தின் விலையைச் சரித்தன.

எனவே ஹார்னெல் பெரிதும் போற்றிய கொள்கை நிலைபெறவில்லை. அவர் சிறிதாகக் கருதியிருக்கக்கூடிய குறிப்புகளோ நிலைபெற்றன. எந்தப் பாரில் எந்தத் திங்களில் எத்துணைச் சிப்பி இருந்தது, எம்மீன் அதனைத் தின்றது, சூரன் என்னும் மட்டி எங்ஙனம் பாரை மூடிச் சிப்பிகளை நெருக்கிக் கொன்றது என்று அவர் எழுதிவைத்த குறிப்புகளை இன்றும் அறிஞர் எடுத்துப் பார்க்கின்றனர். 1922-இல் வெளிவந்த அவரது இந்திய முத்துச் சலாப நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. கொள்கை அழியினும் கண்டெழுதிய குறிப்பு அழிவதில்லை என்பதை அறிவியல் மாணவர் இதனால் உணர்வாராக.

தோணிகளின் அன்பர்

1924-ஐ ஒட்டி ஹார்னெல் இந்தியப் பணியினின்று ஓய்வுபெற்றார், ஆனால் ஓய்ந்திருக்கவில்லை. பசிபிக் கடலுக்குச் சென்ற ஓர் ஆராய்ச்சிக் குழுவிற் கலந்துகொண்டார். மால்ட்டா, சியரா லியோன், பாலத்தீனம், மொரீசியசு முதலிய நாடுகளின் மீன்தொழில் நிலையை ஆராய்ந்து அறிக்கைகள் அளித்தார்.

தூத்துக்குடியில் இருந்தபோதே அவர் நெஞ்சைக் கவர்ந்தவை நம் கலங்கள். கட்டுமரத்தின் மரங்கள் எத்தனை, எவ்வாறு கட்டப்படுகின்றன, வள்ளத்தின் பாய் யாது, சென்னைக் கரையின் மசூலாப் படகு ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்படுவதேன், காவிரியிலும் துங்கபத்திரையிலும் தோற்பரிசல் மிதப்பதெங்ஙனம் என்று துறைதோறும் நின்று பார்த்து வரைந்து வைத்தார். இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-இல் எழுதினார். பசிபிக் தீவுகளின் ஓடங்களைப் பற்றி ஹேடன் என்னும் அறிஞருடன் சேர்ந்து எழுதிய மூன்று தொகுதிகள் 1936 முதல் 1938 வரை வெளிவந்தன. உலகத்து நீர்க்கலங்களின் தோற்றத்தை விளக்கும் அவரது பெருநூல் 1946-இல், அவர் எண்பதைக் கடந்தபின் வெளிவந்தது. கற்றோர் பலர் கட்டுமரத்தை ஏழையின் மரத்துண்டு என்று எண்ணிக் கடந்துபோயினர். அவரோ அதனை மனித அறிவின் ஒரு பழம் படியென்று மதித்தார். 1949-ஆம் ஆண்டில் அவர் இயற்கை எய்தினார். பல நீர்களில் மீன்பிடித்தலைப் பற்றிய அவரது கடைசி நூல் 1950-இல், அவர் மறைவிற்குப் பின் வெளியாயிற்று.

அவர்க்குப் பின் நம் கடல்

அவர் சென்றபின் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியிற் சலாபங்கள் நிகழ்ந்தன. அவையே கடைசிச் சலாபங்கள். அதன்பின் பார்களில் சலாபத்திற்குப் போதிய சிப்பி திரளவில்லை. ஆயின் ஹார்னெல் கண்ட கனவு வேறு வழியாக மலர்ந்தது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், டாக்டர் அழகர்சாமியின் முயற்சியால், உருண்டையான வளர்ப்பு முத்தை இந்நாட்டு அறிவாலேயே விளைவித்தனர். 1981-இல் முத்துச்சிப்பியின் குஞ்சுகளை ஆராய்ச்சிச் சாலைத் தொட்டிகளிலேயே பொரிக்கச் செய்தனர். அலையும் ஓட்டமும் வாரிச் செல்லும் அவ்விளவுயிர்ப் பருவத்தைத் தொட்டிக்குள் காத்து வளர்க்கும் வகை அன்று கைவந்தது. உண்ணும் சிப்பியைச் சுண்ணாம்பு பூசிய ஓடுகளிற் பிடித்து வளர்க்கும் முறையையும் அவர்கள் தூத்துக்குடிக் கழிகளிற் செய்து காட்டினர். 1977-இல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி தோன்றியது. பெரிய பாரில் மறைந்துபோன குஞ்சுகளைக் கண்டு திகைத்து நின்ற ஹார்னெல் இவற்றைக் காண்பாராயின் எத்துணை மகிழ்வார்!

மகிழ்ச்சியோடு கவலையும் அடைவார். 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று, ஆலைகள் பெருகின. சுண்ணாம்பிற்காகவும் கட்டடத்திற்காகவும் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்தமையால், அலையைத் தடுத்து நின்ற தீவுகள் தேய்ந்தன. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீருள் மறைந்தன. எந்திரப் படகின் இழுவலை கடலடியை வழித்துச் செல்கிறது. இவற்றைக் கண்டே அரசாங்கத்தார் 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் அவ்வளைகுடாவை உயிர்க்கோளக் காப்பகமாகவும் வகுத்தனர். எனினும் காப்பகம் என்று வரைபடத்திற் கோடிட்டமையால் மட்டும் கடல் காப்புறாது. சங்கு குளியாளின் அளவு வளையம் போன்று, ஒவ்வொரு கையிலும் ஒரு வரம்பு வேண்டும். அவ்வரம்பைக் காப்போர் பசியால் வாடாதவாறு பார்த்துக்கொள்ளும் அரசும் வேண்டும்.

முடிவுரை

ஹார்னெல் வேற்று நாட்டவர், வேற்றரசின் ஊழியர். அவர் ஆராய்ச்சியின் பயன் பெரும்பாலும் அரசாங்கக் கருவூலத்தை நோக்கியதே. அவர் கப்பலினின்று கடலுள் இறங்கிச் சிப்பியை எடுத்துத் தந்த குளியாட்கள் பலரின் பெயர் ஏட்டில் ஏறவில்லை. அவர்கள் மூச்சடக்கியதனாலன்றோ அவர் நூல் பேசுகிறது? அதனை மறவாதே அவரை நாம் போற்றுதல் வேண்டும். அவ்வாறு போற்றுமிடத்தும், ஒருவர் தமக்குரியதல்லாத கடலையும், அக்கடலின் மிகச் சிறிய உயிரையும், அதில் மிதக்கும் ஏழையின் கலத்தையும் இத்துணை அன்போடு நோக்கினாரே என்னும் வியப்பு நீங்குவதில்லை.

நம் மாணவர் பலர் விடுமுறையில் தூத்துக்குடிக் கரையில் உலாவுவர். அடுத்த முறை செல்லுங்கால், காலடியிற் கிடக்கும் ஒரு சிப்பியோட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பாராக. அஃது எப்பாரில் பிறந்தது, எவ்வோட்டம் அதனைக் கரைசேர்த்தது என்று தம்முள் வினவுவாராக. அருகில் வலையைச் சீர்செய்துகொண்டிருக்கும் முதியவரிடமும் அவ்வினாவைக் கேட்பாராக. ஹார்னெல் தொடங்கியதும் அவ்விடத்திலேயே. கொற்கையின் முத்து நம் முன்னோர்க்குப் பெருமை தந்தது. அம்முத்தை ஈன்ற கடலை நம் பின்னோர்க்கு உயிரோடு ஒப்படைத்தல் நமக்குப் பெருமை தருவதாகுக.